முதல் எடுப்பு

எங்கள் மொட்டைமாடிக் கோழிகளைப் பற்றி என் கணவருக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு. "குழம்புக்கும் ஆவல, முட்டைக்கும் ஆவல, இன்னாத்துக்கு இத்த கட்டிக்கினு அழுவுற?" பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரித்தே ஓய்வு பெற்றவர். ஏதாவது உபயோகம் இருந்தால்தான் அவருக்கு அது ஒரு பொருள். அந்தக் கணக்கில் நான் எதில் சேர்த்தி என்று பலமுறை கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.

அவை கிளிமூக்குக் கோழிகள். அலகு குட்டையாகக் கிளிமூக்கு மாதிரி வளைந்திருக்கும். சேவலின் வால் தரையைக் கூட்டிக்கொண்டே பின்னால் வரும். கண் பால் வெள்ளை. சண்டைக்கு விடுகிற ஜாதியிலிருந்து வந்ததுதான் என்றாலும் இவை சண்டை போடாது. நிற்கும், நடக்கும், நம்மை ஏற இறங்கப் பார்க்கும், அவ்வளவுதான். பல நிறங்களில் கிடைக்கும். உடம்பு முழுக்க வெள்ளையாக இருப்பதைக் கொக்கு என்பார்கள். அது சுலபத்தில் கிடைக்காது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தேடினாலும் எனக்குத் தெரிந்து கொக்கு வளர்த்தவன் என் தம்பி ஒருவன்தான்.

தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தான், அறைக்கு வெளியே கோழிகள் இருந்தன. கொரோனா வந்த முதல் வருஷம் போய்விட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். பாதிரியாரும் எட்ட நின்றுதான் ஜெபம் சொன்னார். வீட்டுக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது மாடியில் சேவல் கூவியது. அன்றைக்கு யாரும் அதற்குத் தீனி போட்டிருக்கவில்லை. நான்தான் ஏறிப் போனேன். அன்றிலிருந்து தினமும் ஏறிக்கொண்டிருக்கிறேன், முட்டிவலியோடு.

தம்பிக்கு ஒரு சட்டம் இருந்தது. சேவலை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பான். சிநேகிதனுக்குப் பிறந்தநாளா, ஒரு சேவல். மழைக்காலத்தில் கூண்டுக்குத் தார்ப்பாய் தந்தவனுக்கு ஒரு சேவல். பெட்டையை மட்டும் யார் வந்து நின்றாலும் கொடுக்கமாட்டான். "சேவல் போனா ஒரு சேவல்தான்க்கா போவுது. பொட்டை போச்சுன்னா குடும்பமே போயிடும்" என்பான். கோழிக்காரர்கள் எல்லோருமே ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இவன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தான். நானும் அவன் போன பிறகு அதை மீறவில்லை.

அதன் பலன் என்னவென்று முட்டைகள் சொல்ல ஆரம்பித்தன. வெளியிலிருந்து ரத்தம் வராமல் உள்ளுக்குள்ளேயே அண்ணன் தங்கையும் அப்பன் மகளுமாகச் சேர்ந்துகொண்டிருந்தால் எத்தனை தலைமுறைதான் தாங்கும்? முதலில் குஞ்சுகளுக்குக் கால்விரல் கோணிக்கொண்டது. பிறகு ஓட்டுக்குள்ளேயே செத்தன. கடைசியில் கரு பிடிப்பதே நின்றுபோனது. ஒரு பெட்டையும் அதனோடு பிறந்த சேவலும் மட்டும் மிஞ்சியிருந்த சமயம், அடைக்கு வைத்த முட்டைகளைச் சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உள்ளே சிவப்பு நரம்பு ஓடியிருக்க வேண்டும். எல்லாமே வெறும் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தது. கூமுட்டை.

"அப்பவே ஆம்லெட்டாவது போட்டிருக்கலாம்" என்றார் கணவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, விளக்கைப் போட்டு, முட்டைகளைக் கொண்டுபோய்க் கொட்டினார்.

பெட்டைக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அது முட்டையிடுவதை நிறுத்துவதற்குள் வேற்று ரத்தத்தில் ஒரு வெள்ளைச் சேவல் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்பியின் கோழி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. நிறக் கோழியோடு சேர்த்தால் குஞ்சு என்னவோ பிறக்கும். ஆனால் கொக்கு போய்விடும். அதனால் தேடக் கிளம்பினேன்.

கோழிக்காரர்களைப் போலப் பொய் சொல்கிறவர்களை நான் பார்த்ததில்லை, ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த நான் சொல்கிறேன். புழலில் ஒருவர், ஏரிக்கரைப் பக்கம் வீடு, தன் வெள்ளைச் சேவலைத் திண்டுக்கல் லைன் என்றார். அதன் தாத்தா பரிசு வாங்கிய கதையைக் காபி ஆறும்வரை சொன்னார். நான் சேவலைத் தூக்கி இடது காலைத் திருப்பிப் பார்த்தேன். வெளிவிரலில் நகம் கறுப்பாக இருந்தது. மற்ற நகமெல்லாம் வெளுப்பு, அது ஒன்று மட்டும் மை தொட்ட மாதிரி. எங்கள் வீட்டுக் கோழிகளுக்குப் பரம்பரையாக இருக்கிற நகம் அது. தம்பி கொடுத்த சேவலோ அதன் பிள்ளையோதான். "திண்டுக்கல்லுக்கு எந்த பஸ்ல போச்சு இது?" என்று கேட்டேன். அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாத்தாங்காட்டில் ஓர் இரும்பு வியாபாரி, தெற்கத்திக்காரர், குடோனுக்குப் பின்னால் டைல்ஸ் போட்ட கூண்டில் வெள்ளைச் சேவல் வைத்திருந்தார். சொந்த ஊரிலிருந்து வந்தது என்றார். கறுப்பு நகம். பறவைச் சந்தையில் ஒருவன் ஆந்திரா என்றான். கறுப்பு நகம். எங்கே போனாலும் எங்கள் வீட்டுப் பையனே எதிரில் வந்து நின்றான். தம்பி தாராளமாகக் கொடுத்த சேவல்கள் ஊர் முழுக்கப் பரவி, ஒவ்வொருவன் வாயிலும் ஒவ்வொரு ஊர் பெயர் வாங்கிக்கொண்டிருந்தன. பெட்டை கிடைக்காததால் அவர்கள் கண்ட பெட்டையோடும் விட்டு, வெள்ளையாகப் பிறந்ததை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாதி எங்கள் ரத்தம், மீதி எந்த ஜாதியோ, எனக்கு ஒன்றும் ஆகாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவன் இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

கடைசியில் எங்கள் தெருமுனைத் தீனிக்கடைக்காரர்தான் சொன்னார். "எண்ணூர்ல ஒரு மீன்கார அம்மாவாண்ட ஒரு கிளிமூக்கு கீதுக்கா. ஆனா கலரு நாஸ்தி. சாம்பலும் இல்ல கறுப்பும் இல்ல. யாரும் சீந்த மாட்டேன்றாங்கோ."

நிறம் சரியில்லை என்று தெரிந்தும் போனேன். வேறு போக்கிடமில்லை.

கழிமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். வாசலில் குந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைக்காமலேயே பேசினாள். சேவல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. தலை, அலகு, வால் எல்லாம் அப்படியே அச்சு. நிறம்தான் சிமென்ட் மூட்டை.

"இது இன்னா கலரும்மா?" என்றேன்.

"வெள்ளை."

"இதுவா வெள்ளை?"

"யக்கா, வர்றவன் எல்லாம் இதயே கேக்குறான். இந்த ஊர்ல தொவைச்சுக் காயப்போட்ட வேட்டி எந்த கலர்ல கீதுன்னு பாரு. அதுவும் வெள்ளைதான்."

கொடியைப் பார்த்தேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வேட்டி அந்தச் சேவலின் நிறத்தில்தான் இருந்தது. எனக்குள் ஏதோ துள்ளியது. ஷாம்பு பாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். அடிபம்பில் அவள் தண்ணீர் அடிக்க, நான் சேவலை மடியில் வைத்துத் தேய்த்தேன். ஒரு சேவலும் அதை மன்னிக்காது. என் கையில் கொத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. முதல் தண்ணீர் சாக்கடை நிறத்தில் போனது. மூன்றாவது தண்ணீரில் முதுகு வெளுத்தது. வெயிலில் நிறுத்தி இறக்கையை விரித்தபோது எங்கள் மாடியில்கூட அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. இடது காலைத் தூக்கிப் பார்த்தேன். நகம் எல்லாம் வெளுப்பு. வேற்று ரத்தம்.

இத்தனை கோழிக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஒருவனுக்கும் கழுவிப் பார்க்கத் தோன்றவில்லை.

தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜாதி என்றாள். ஊர் பழவேற்காடு தாண்டி, ஆந்திர எல்லை. சேவலை விற்பாளா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். "உன் பொட்டைய இங்க கொண்டாந்து வுடு. சேவலோட இருக்கட்டும். அப்பால உன் வூட்டுக்கு இட்டுனு போயி அடை வச்சுக்கோ. குஞ்சு தாயை வுட்டுப் பிரியுற அன்னிக்கு நான் வருவேன். மொத எடுப்பு என்து."

முதல் எடுப்பு என்பது கோழிக்காரர்களுக்குள் இருக்கிற வழக்கம். சேவல் கொடுத்தவர் வந்து, குஞ்சுகளில் தனக்குப் பிடித்த ஒன்றை முதலில் தூக்கிக்கொள்வார். எது என்று கேட்கவும் கூடாது, தடுக்கவும் கூடாது. மற்றதெல்லாம் பெட்டைக்காரருக்கு. நியாயமான வழக்கம்தான். அதில் தம்பியின் சட்டம் அடிபடுமே என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் சரி என்றேன். குஞ்சு நிறையப் பிறக்கும், அவள் ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெட்டையை மீன்கூடையில் வைத்து மேலே வலை கட்டி ஷேர் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். அதுதான் எங்கள் வீட்டுப் பெட்டை ஒன்று முதன்முதலாகப் படி இறங்கியது. சில வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது சிமென்ட் நிறத்தில் வந்தது. கணவர் பார்த்துவிட்டு, "மாத்திக் குட்த்துட்டாங்கடி உனுக்கு" என்றார். நகத்தைக் காட்டினேன்.

அந்தத் தடவை செல்போன் வெளிச்சத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது. நான் கத்தியதில் கணவர் ஏதோ கரன்ட் அடித்துவிட்டது என்று ஓடி வந்தார். பிறந்த குஞ்சுகளில் நான்கு தேறின. எல்லாவற்றுக்கும் விரல் நேராக இருந்தது. ஒன்றுகூடச் சோர்ந்து ஒதுங்கவில்லை. ஒன்றின் இடது காலில் கறுப்பு நகம். அதைத்தான் நான் ரகசியமாக அதிகம் தூக்குவேன். வளர வளர மூன்றுக்குக் கொண்டை தடித்தது. கறுப்பு நகத்துக்குத் தடிக்கவில்லை. அது ஒன்றுதான் பெட்டை.

தாய் குஞ்சுகளைக் கொத்தித் துரத்த ஆரம்பித்ததும் எண்ணூருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். கணவர் மெதுவாக, "பொட்டைக் குஞ்ச பூனை தூக்கினு போயிடுச்சுன்னு சொல்லு. நான் அத்த கீழ பாத்ரூம்ல வச்சுக்கினு இருக்கேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் இந்தக் கோழிகளுக்காக முன்வந்து செய்வதாகச் சொன்ன முதல் காரியம். மனசு ஒப்பவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கழுவாத சேவலையே வெள்ளை என்று உண்மை சொன்னவள். அவளிடம் போய்ப் பூனை கதை சொல்ல வாய் வரவில்லை. போன் செய்தேன்.

பை நிறைய கழிமுகத்து இறாலோடு வந்தாள். மாடியேறி, நான் போட்ட நாற்காலியில் உட்காராமல் குஞ்சுகளுக்கு நடுவில் குந்தினாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சேவல் குஞ்சு ஒன்றை நன்றாக இருக்கிறது என்று நீவிவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு அதை விட்டுவிட்டு, கறுப்பு நகத்தைத் தூக்கினாள்.

"இந்தக் குட்டி எனக்கு."

வழக்கத்தை மீறிப் பேசிவிட்டேன். "ஒன்னே ஒன்னுதாம்மா பொட்டை. சேவல் எட்துக்கோ. ரெண்டாக்கூட எட்துக்கோ. மூனையும் எட்துக்கோ."

அவள் கோபப்படவில்லை. "யக்கா, உன் தம்பியும் இதயேதான் சொன்னாரு. இந்த மாடிக்கு நான் முன்னயே ரெண்டு தபா வந்துகீறேன். சேவல் எட்துனு போம்மான்னாரு. சேவல் என்னாண்ட கீது, எங்கம்மா வூட்லயும் பொட்டை வம்சம் நின்னு போச்சுன்னுதானே கேக்க வந்தேன்? தரமாட்டேன்ட்டாரு. அன்னிக்கு ஒன்னு குட்த்திருந்தா எனக்கும் இந்த அலைச்சல் இல்ல, உனுக்கும் இந்த பேஜாரு இல்ல."

அவள் சொன்னது சரி என்பதால் எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. அவள் கூடையோடு படி இறங்குவதை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி பெட்டி தூக்கிக்கொண்டு வெளியூர் போவதைப் பார்த்து நின்ற மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் அந்த இறாலைத் தொடவில்லை. கணவரே உரித்து, கணவரே தொக்கு வைத்து, கணவரே சாப்பிட்டார். நன்றாக இருந்ததாம்.

அதற்குப் பிறகு பெட்டை கொஞ்சம் முட்டையிட்டது. கரு பிடிக்கவில்லை. பிறகு நிறுத்திவிட்டது. மூன்று இளஞ்சேவல்களும் மாடியில் அழகாக நடந்தன, துணையில்லாமல். எண்ணூருக்குப் போய், என் பேத்தி மாதிரி வளர்ந்தது எப்படி இருக்கிறது என்று கேட்கலாம்தான். ரோஷம் விடவில்லை.

அந்த வருஷக் கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. கோழிகளுக்கு அதைவிடக் கெட்ட நோய் கிடையாது. தடுப்பு மருந்து போட்டுத்தான் இருந்தேன். ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கி வரும்போது துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டு, இறங்கும்போது ஐஸ் தண்ணீராகியிருந்தது. அதனால்தானா என்று கால்நடை டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் எல்லாம் போயிற்று. முதலில் இளஞ்சேவல்கள், பிறகு பழைய சேவல். பெட்டை கடைசியாகப் போனது, கழுத்து முறுக்கிக்கொண்டு, என் மடியில். கணவர் கொல்லையில் ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். நான் காலிக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். கல்லறை கேட்டுக்கு வெளியே முகமூடியோடு நின்ற அன்று வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உபயோகம் பற்றி ஒன்றும் பேசவில்லை.

யாருக்கும் சொல்லவில்லை. மாடிக்கு ஏறுவதையும் விட்டேன். முட்டிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் போன் வந்தது. "யக்கா, எப்போ வர்ற?"

"எதுக்கு?"

"உன் குட்டி அடையில குந்தி எழுந்துட்டா. குஞ்சு தாயை வுட்டுப் பிரிஞ்சிடுச்சு. மொத எடுப்பு உன்து. நீ எடுக்காம நான் எதயும் வெளிய குடுக்க முடியாதே."

"நாம அப்படிப் பேசலையேம்மா."

"பேசணுமா இன்னா?" என்றாள். பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "நீ தீனி வாங்கவே வர்றதில்லன்னு தீனிக்கடைக்காரரு சொன்னாரு. கெளம்பி வாக்கா" என்றாள்.

போனேன். சுவரோரம் சிமென்ட் நிறத்தில் ஒரு பெட்டை, இடது காலில் கறுப்பு நகம், ஆள் அடையாளம் தெரியாத மாதிரி ஏற இறங்கப் பார்த்தது. தன் அம்மா வீட்டிலிருந்து வேறொரு சேவலைக் கொண்டுவந்து அதனோடு சேர்த்திருக்கிறாள். அப்பனோடு மகளைச் சேர்க்கவில்லை. குஞ்சுகள் கூட்டமாகச் சாம்பலில் புரண்டுகொண்டிருந்தன. பெட்டை மட்டும் மூன்று. ஒன்றுக்குக் கறுப்பு நகம் இருந்தது. நான் குந்தினேன், அவள் அன்று குந்திய மாதிரியே. கறுப்பு நகத்தைத் தூக்கினேன். அவள் தடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, இந்தக் கூட்டத்தில் சேராத, அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த ஒரு சேவல் குஞ்சையும் பிடித்துக் கூடையில் போட்டு, "தனியா இன்னா பண்ணும்?" என்றாள். அன்றைக்கு அவள் வீட்டில் இறால் தொக்கோடு சாப்பிட்டேன். கணவர் சொன்னது உண்மைதான்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "டேய், பொட்டைய வெளிய வுட்டேன்டா" என்றேன். "வுட்டதாலதான்டா இது கீது." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார், நான் போனில் பேசுவதாக நினைத்துக்கொண்டு மறுபடி வெளியே பார்த்தார்.

வீட்டில் மாடிக்கதவு திறந்திருந்தது. கணவர் கூண்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

"பொட்டையா?" என்றார்.

"பொட்டைதான்."

"இனி வெளிய வுடமாட்டியே?"

அடுத்த வருஷம் புழல்காரர் வந்தார், திண்டுக்கல் லைன்காரர். ஒரு சேவல் குஞ்சு கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். உள்ளே போய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து கையில் வைத்தேன். அவர் தூக்கிப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"யம்மா, மாத்திக் குட்த்துட்ட. இது பொட்டை."

"தெரியும், எட்துனு போ" என்றேன்.